நாளைக்கு வாய்க்கால் துப்பரவு, மச்சான்

மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜ ரெண்டு தரம் போட்டுக் கேட்டனான், பதில் கதைச்சு அனுப்புவம் எண்டு வெளிக்கிட்டா கதை எங்கயோ போகுது, அதுதான் இருந்து எழுதுறன். இங்க இன்னும் மழை ஒழுங்கா இறங்கேல்ல, காலபோக நெல்லுக்கு உழுது போட்டிட்டுச் சனம் வானத்தப் பாத்துக் கொண்டு இருக்குது. அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும் விடுதில்ல.

நீ கேட்டது மனசுக்குள்ளயே கிடக்குது. "அங்க வோட்டுப் போட்டு என்னத்தக் கண்டனீங்கள்?" நீ 2025 ஏப்ரல் 28 கனடாவில போட்டாய், நாங்கள் மே 6 இங்க உள்ளூராட்சித் தேர்தலில போட்டம். ஒரே வாங்கில இருந்து படிச்ச ரெண்டு பேர் எட்டு நாள் இடைவெளியில ரெண்டு நாட்டில போட்டிருக்கிறம், அத நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அண்டைக்கு அம்மாவக் கூட்டிக் கொண்டு போனனான். விடியவே ஒரு கட்சிக்காரர் வான் கொண்டு வந்து நிப்பாட்டி "ஏறுங்கோ அம்மா" எண்டாங்கள், அது சட்டப்படியும் பிழை, ஆனா அம்மா சட்டம் ஒண்டும் கதைக்கேல்ல, "அவங்கட வண்டியில போனா அவங்களுக்குப் போடோணும் எண்டு மனசு சொல்லும், எனக்கு வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டு ஓட்டோவுக்குத் தன்ர காசு குடுத்தா. உனக்குத் தெரியும்தானே, 2009ல கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளன் பக்கம் இருந்து வெளிக்கிடேக்க நாங்கள் சட்டி பானை எல்லாத்தையும் விட்டிட்டு வந்தம், அம்மா மட்டும் எங்கட ஐசி, அதுதான் அடையாள அட்டையளையும் பேர்த் சேட்டிபிக்கற்றுகளையும் சொப்பிங் பாக்கில சுத்தி இடுப்பில கட்டிக் கொண்டு வந்தவ. மெனிக் பாம் அகதி முகாமில கூடாரத்துக்குள்ள போனவுடன முதல் செய்த வேலை அதுகள விரிச்சுக் காய வச்சதுதான். அந்த ஐசியத்தான் மே 6ம் நீட்டினவ. இவவிட்டப் போய் வோட்டால என்ன பிரயோசனம் எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?

ஆனா உன்ர கேள்வி பிழையான கேள்வியும் இல்ல மச்சான். 2021ல அரசாங்கம் ஒரு சொல்லோட ரசாயன உரத்த நிப்பாட்டினது, பயிர் மஞ்சளாப் போனத நாங்கள் வரம்பில நிண்டு பாத்தம், ஒருத்தனும் எங்களக் கேக்கேல்ல. மாகாண சபையப் பார், வடக்குக்கு ஒரே ஒரு தரம், 2013 செப்டம்பரில தேர்தல் நடந்தது, 2018ல காலம் முடிஞ்சது, அதோட சரி. உள்ளூராட்சித் தேர்தலும் அப்பிடித்தான், 2023 மார்ச் 9ம் திகதி எண்டாங்கள், பிறகு காசில்ல எண்டாங்கள், அது அடிப்படை உரிமை மீறல் எண்டு உச்ச நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில சொன்ன பிறகும் 2025 வரைக்கும் இழுபட்டுது.

அந்த ரெண்டு வருசம்தான் எனக்குப் பாடம். எங்கட ரோட்டில பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிற இடத்தில மதகு உடைஞ்சு போச்சு, மாரியில பிள்ளையள் சைக்கிளத் தோளில தூக்கிக் கொண்டு தண்ணிக்குள்ளால நடந்துதுகள். யாரிட்டச் சொல்லுறது? உறுப்பினர் எண்டு ஒருத்தர் இல்ல, சபைச் செயலாளர்தான் எல்லாம், அந்தாள் என்ர வோட்டில வந்தவர் இல்லயே. அப்பதான் யோசிச்சன், 2018ல போட்டிட்டு வந்து அஞ்சு வருசமா நான் எங்கட வட்டாரத்து உறுப்பினர ஒரு நாளாவது போய்க் கேட்டனானா எண்டு. இல்ல. கோயிலடியில கண்டா சிரிச்சிட்டுப் போவன், அவ்வளவுதான். அது என்ர பிழை, அத ஒத்துக் கொள்ளத்தான் வேணும்.

இந்த முறை அப்பிடி விடேல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் எண்டு 2016ல வந்ததெல்லே, எங்கட ரீச்சர் ஒராள் எழுதக் காட்டித் தந்தா, அந்த மதகுக்குக் காசு ஒதுக்கினதா, எவ்வளவு, எப்ப வேலை துவங்கும் எண்டு மூண்டே மூண்டு கேள்வி எழுதிக் குடுத்தன். 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும் எண்டு சட்டத்திலயே இருக்குது. பதில் வந்தது, ஒதுக்கேல்ல எண்டு. அந்தக் கடிதத்தக் கொண்டுபோய் புது உறுப்பினரிட்டக் குடுத்தன், முதல் முகம் சுழிச்சார், பிறகு கொப்பி எடுத்துக் கொண்டார். மதகு இன்னும் கட்டுப்படேல்ல. நான் ஒவ்வொரு மாசமும் போறன், இப்ப என்னோட நாலு தாய்மாரும் வருகினம்.

போன கிழமை கமக்காரர் அமைப்புக் கூட்டம். நீ இருந்திருக்கோணும். மர நிழலில கதிரையப் போட்டு ரெண்டு மணித்தியாலம் சண்டை, வாய்க்கால் கடைசியில காணி இருக்கிறவைக்குத் தண்ணி வாறேல்ல எண்டு ஒராள் அழாத குறை, மேல் காணிக்காரர் அது வாய்க்கால் தூர்ந்ததால எண்டு கத்துறார், கடைசியில கை உயர்த்தி முடிவெடுத்து, காணிக் கணக்குப்படி வாய்க்காலப் பிரிச்சு ஆளாளுக்குத் துண்டு குடுத்தாச்சு. எனக்கு நம்பிக்கை இருக்கிற அரசியல் அதுதான். நான் வெட்டாத துண்டில தண்ணி நிண்டா கீழ இருக்கிறவன்ர பயிர்தான் காயும், அவன் அடுத்த கூட்டத்தில என்ர முகத்தப் பாத்துக் கேப்பான். கொழும்பில இருக்கிறவைய ஆர் அப்பிடி முகத்தப் பாத்துக் கேக்கிறது? அதாலதான் சின்னச் சபையாவது எங்களுக்குக் கிட்ட இருக்கோணும் எண்டு நிக்கிறன், அதாலதான் மாகாணத் தேர்தலும் வேணும் எண்டுறன்.

உன்ர பேரும் வாசிச்சவை. உன்ர ஒண்டரை ஏக்கருக்கும் ஒரு துண்டு விழுந்திருக்கு, புளியமரத்தடியில இருந்து வளைவு வரைக்கும். கொண்ணருக்கு, உன்ர அண்ணருக்கு, நாரிப் பிடிப்பு, ஏலாதாம். நாளைக்கு விடிய என்ர மகன் உன்ர துண்ட வெட்டுவான், கொண்ணரிட்டச் சொல்லிப்போட்டன். அதுக்குக் காசு அனுப்பாத. அடுத்த வருசக் கூட்டத் திகதி தெரிஞ்சவுடன அறிவிக்கிறன், லீவு எடுக்கிறது எண்டா அதுக்கு எடு.

அம்மா உனக்குப் பனம்பழப் பினாட்டுப் போட்டு வச்சிருக்கிறா, வாற ஆக்கள் ஆராவது இருந்தா சொல்லு.

அன்போட,
உன்ர மச்சான்