காப்ஸ்யூலுக்கு முன்னால் இஞ்ச் டேப்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனுக்கும் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் (அடக்க முடியாத அளவுக்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்களைத் தாக்கும் நிலை) உள்ள தொடர்பைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்ன விஷயம் சரிதான். ஆனால் படித்து முடிக்கிறவர் மனதில் "ஆன்டிஆக்சிடன்ட் (அந்த மூலக்கூறுகளை அடக்கும் பொருள்) சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்பதுதான் நிற்கும். நீடாமங்கலம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பத்திரிகையில் இப்படி ஒன்று வந்தால், அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காப்ஸ்யூல் கேட்டு வருகிறவர்கள் உண்டு. விற்றால் எனக்கு லாபம். அதனால்தான் இதை நானே எழுதுவது நல்லது என்று நினைத்தேன்.

நாம் சாப்பிடும் சோறும் எண்ணெயும் செல்லுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனின் உதவியோடுதான் சக்தியாக மாறுகின்றன. அப்போது கொஞ்சம் ஆக்சிஜன் முழுதாகத் தண்ணீராக மாறாமல், பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் மூலக்கூறாகக் கிளம்பும். அதை அடக்க உடம்பிலேயே நொதிகள் இருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, வடிகால் மட்டும் தூர்ந்து கிடந்தால் வயல் என்ன ஆகும்? உடலுழைப்பு இல்லாமல் மூன்று வேளையும் நிரம்புகிற செல்லுக்கும் அதே கதிதான். எரிக்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில் எரிபொருள் தேங்கி, அடக்கும் நொதிகளால் சமாளிக்க முடியாத அளவுக்கு அந்த மூலக்கூறுகள் பெருகுகின்றன.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. கொழுப்புச் செல் ஓர் அளவுக்கு மேல் ஊதினால் அந்தத் திசுவே இந்த மூலக்கூறுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். கொழுப்பு கூடக்கூட ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸும் கூடுகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-லேயே காட்டிவிட்டார்கள். அழற்சி உண்டாகிறது, இன்சுலின் சொல்வதைச் செல் கேட்பதில்லை, கல்லீரலில் கொழுப்பு படிகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

ஆக்சிஜன்தான் குற்றவாளி என்றால் அதை அடக்கும் மாத்திரையைப் போட்டால் போதாதா? உலகம் முழுக்க இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்த ஆய்வு 1994-ல் வெளியானது. அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. வட அமெரிக்காவில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ (இதுவும் ஆன்டிஆக்சிடன்ட்தான்) எடுத்த ஆண்களிடம் பிராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2009-ல் வந்த ஜெர்மன் ஆய்வு. இளைஞர்களை 4 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வைட்டமின் சி-யும் ஈ-யும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. எடுத்தவர்களுக்கு அந்தப் பலனே கிடைக்கவில்லை. உடற்பயிற்சியின்போது உண்டாகும் சிறிதளவு ஆக்சிஜன் மூலக்கூறுகள்தான், பாதுகாப்பு நொதிகளைக் கூட்டச் சொல்லி உடம்புக்குச் சேதி சொல்கின்றன. மாத்திரை அந்தச் சேதியை அழித்துவிடுகிறது.

கல்லீரலில் கொழுப்பு படிந்து அழற்சி உண்டான சிலருக்கு மருத்துவர்களே வைட்டமின் ஈ எழுதித் தருவதுண்டு. அது வேறு. அப்படி எடுப்பவர்கள் என் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது. வரப்போரத்துப் பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் தாராளமாகச் சாப்பிடலாம். நான் சொல்வது விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் காப்ஸ்யூலைப் பற்றி மட்டும்தான்.

நம் டெல்டாவில் இது எந்த உருவத்தில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருப்பவர்கள்தான் இங்கே அதிகம். "எனக்கு என்ன குண்டா?" என்று கேட்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் பொதுவான பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், தொப்பை உள்ளவர்கள் 39.5 சதவீதம். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். நடவுக்கு இயந்திரம், அறுவடைக்கு இயந்திரம், மடை பார்க்கப் போவதற்கும் பைக். குனிந்து நிமிர்ந்து வேலை செய்த உடம்புக்கு ஓய்வு கிடைத்தது நல்லதே, அந்த வேலையின் வலி எனக்குத் தெரியும். ஆனால் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, நடுவில் டீயும் வடையும் என்று தட்டின் அளவு மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது.

எடை மிஷினை விட இங்கே பயன்படுவது இஞ்ச் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றளவைப் பார்க்க வேண்டும். வேட்டி கட்டும் இடத்திலோ பேன்ட் நிற்கும் இடத்திலோ அளந்தால் தொப்பை கணக்கில் வராது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். எட்டிவிட்டால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக வரும் ஊழியர்கள் பையில் ஒரு இஞ்ச் டேப்பும் வைத்துக்கொண்டு, வீட்டில் நோயாளி அல்லாதவர்களையும் அளந்து எழுதினால் எத்தனையோ பேர் முன்கூட்டியே தெரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று, நடப்பதற்கு இடம். மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்க அரசு 2023-ல் திட்டம் கொண்டுவந்ததை வரவேற்கிறேன். ஆனால் சின்ன ஊர்க்காரர்கள் நடப்பதற்காக மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏற முடியாது. எங்கள் பக்கம் ஆற்றங்கரைகள் எத்தனையோ கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கின்றன. கருவேலம் மண்டி, விளக்கில்லாமல், பெண்கள் சாயங்காலம் கால் வைக்கப் பயப்படும் நிலையில் இருக்கின்றன. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் கரையைச் சுத்தம் செய்து விளக்குப் போட்டுத் தரும்படி ஊராட்சிகளையும் நீர்வளத் துறையையும் உங்கள் இதழ் கேட்க வேண்டும். அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை வெளியிடும்போது, அதே பக்கத்தில் காப்ஸ்யூல் விளம்பரம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
நீடாமங்கலம் வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.