சேமிப்பறைக்கும் ஒரு மாதிரி ஒப்பந்தம் வேண்டும்

ஆசிரியருக்கு,

மும்பையில் வீட்டுச் சாமான்களை மாத வாடகைக்கு வைத்துக்கொள்ளும் சேமிப்பறைகள் பெருகிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வாடகை, அறையின் அளவு எல்லாம் விரிவாக இருந்தன. உள்ளே வைத்த பொருள் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பது மட்டும் இல்லை. பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இந்த அறைகளைத் தேடுவோரில் பலர், புது வீடு கைக்கு வரும்வரை வேறு வழியில்லாமல் போகிறவர்கள். நாங்களும் அப்படித்தான் தரைத்தளத்தில் ஓர் அறை எடுத்தோம். மழைக்காலம் முடிந்து திறந்தால், அம்மாவின் கல்யாணப் புடவையில் பூஞ்சை; பாட்டி காலத்துக் கொலு பொம்மைகள் ஈரத்தில் ஊறி வண்ணம் உரிந்து கிடந்தன. கேட்டதற்கு, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: ஈரம், பூச்சி, வெள்ளம் எதற்கும் நிறுவனம் பொறுப்பாகாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டிய ஊர் இது. இங்கே தரைத்தளத்து ஈரத்தை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்ல முடியும்?

வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சேமிப்பறைக்கும் மாநில அரசு ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிடட்டும். அறை எந்தத் தளம், இழப்பீடு எவ்வளவு, அப்புறம் வாடகை பாக்கி விழுந்தால் எத்தனை நாள் அறிவிப்புக்குப் பிறகு பொருள்களை ஏலம் விடலாம் என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே, படிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும்.

– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை