ஃபார்மேட் போடும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கம்ப்யூட்டர் ஸ்லோ ஆனாலோ அடிக்கடி ஹேங் ஆனாலோ டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் கட்டளையை (chkdsk) 'ஆர்' (/r) சேர்த்து ஓட்டுங்கள், அதற்கும் சரியாகாவிட்டால் ஃபார்மேட் செய்துவிடுங்கள் என்று தங்கள் நாளிதழின் கணினிக் குறிப்புகளில் படித்தோம். சர்வீஸ் கடைகள் பலவற்றிலும் இதே வைத்தியம்தான். டிஸ்க் நன்றாக இருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செய்தால், அதுவரை எடுக்க முடிந்திருக்கும் ஃபைலும் கைவிட்டுப் போய்விடும்.

'ஆர்' சேர்த்தால் விண்டோஸ் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் (தகவல் எழுதப்படும் சிறு கட்டம்) படித்துப் பார்க்கும். நொடிக்கு 150 எம்பி படிக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு, நல்ல நிலையில் இருந்தாலே ஏறக்குறைய 2 மணி நேரம் பிடிக்கும். கெட்ட செக்டர் குறுக்கிட்டால் தகவலைப் படிக்கும் முனையான ஹெட் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். ராத்திரி முழுக்க ஓடியும் சதவீதம் நகராமல் நிற்பது இதனால்தான். தேய்ந்த ஹெட்டுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். போதாததற்கு, சிதைந்த ஃபோல்டர் பதிவுகளைச் சரிசெய்வதாக வெட்டி, 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகக் கொட்டிவிடும். கல்யாண போட்டோ எது, கணக்கு ஃபைல் எது என்று அதிலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

ஃபார்மேட் போட்டதும் புதுசு மாதிரி ஓடுகிறதே என்பார்கள். ஓடும்தான். படிக்க முடியாத இடத்தில் முன்பு விண்டோஸின் ஃபைல் ஒன்று இருந்தது. மறுபடி இன்ஸ்டால் செய்ததில் அது வேறொரு நல்ல இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கெட்ட இடம் கெட்டபடியே கிடக்கிறது. குயிக் ஃபார்மேட் அந்தப் பக்கம் போவதே இல்லை. முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் எழுதிப் பார்ப்பதால், தேறாத செக்டருக்குப் பதில் டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து வேறொன்றை ஒதுக்கிக்கொள்ளும். ஆனால் கெடுவதற்கான காரணம் போகவில்லை. சில மாதத்தில் அதே கம்ப்யூட்டர் அதே கடைக்கு வருகிறது, மறுபடி ஃபார்மேட், மறுபடி பில்.

முதலில் செய்ய வேண்டியது, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைப் படிப்பது. அதைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இலவச மென்பொருள். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது. நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை என்று நிறத்தோடு நின்றுவிடக் கூடாது. அதன் திரையில் கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அந்த எண் ஹெக்ஸாடெசிமலில் இருக்கும். 64 என்று தெரிந்தால் அது உண்மையில் 100. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் போய் 10 டெசிமல் என்று மாற்றிவிட்டால் குழப்பமில்லை.

05 என்பது இதுவரை மாற்று கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6, டிஸ்க் தானே சோதித்தபோதும் படிக்க முடியாதவை. மூன்றிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். 05-ல் நாலைந்து இருந்து மாதக்கணக்கில் ஏறாமலே இருந்தால், பேக்அப் வைத்துக்கொண்டு ஓட்டலாம். வாரத்துக்கு வாரம் ஏறினாலோ சி5-ல் ஒன்று விழுந்தாலோ அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும். சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கான எண் தெரியும். அது அந்த நிறுவனம் கணக்கு எழுதும் முறை, பயப்பட ஒன்றுமில்லை.

சி7 வேறு ரகம். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த தடவைகளை அது சொல்கிறது. பெரும்பாலும் குற்றவாளி, இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட வைக்கும் கோளாறும் இதுதான். ஷட் டவுன் செய்து, சுவர் பிளக்கை உருவி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டுக் கேபினெட்டைத் திறங்கள். கிளிப் உள்ள புதுக் கேபிளை மாட்டி, மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டில் சொருகுங்கள். பழையதைக் கோணலாக இழுத்தால் டிஸ்க் பக்கத்து எல் வடிவ பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும், நேராகவே உருவ வேண்டும். மாற்றிய பிறகும் சி7 பூஜ்யத்துக்கு இறங்காது. எண்ணைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து ஏறவில்லை என்றால் வேலை முடிந்தது. பவர் பக்கம், நாலு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான வார்ப்பு கனெக்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். உள்ளே கம்பிகள் உரசித் தீய்ந்துபோவது அதில்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை பெட்டி) நேராக வரும் சாட்டா லீடே போதும்.

கேபிளும் டிஸ்க்கும் நன்றாக இருந்தும் விண்டோஸ் ஏறவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பழைய வருஷத்துக்குப் போயிருந்தால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) தொழிற்சாலை செட்டிங்குக்குத் திரும்பும்போது சில போர்டுகளில் சாட்டா மோடும் (டிஸ்க்கோடு பேசும் முறை) மாறிவிடும். விண்டோஸ் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று முரண்டு பிடிக்கும். பேட்டரியை மாற்றி, மோடைப் பழையபடி (பெரும்பாலும் ஏஹெச்சிஐ) வைத்தால் ஏறிவிடும். டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு இருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் ரெக்கவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டிலேயே சொருகும் எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) புதிதாகப் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் அதுவும் சாவு அல்ல: பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஆள் வந்தால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். எது என்று போர்டின் கையேட்டில் இருக்கும்.

டிஸ்க் உண்மையாகவே போகிறது என்றால், அதிலிருந்தே விண்டோஸை ஓட்டிக்கொண்டு நகல் எடுக்காதீர்கள். விண்டோஸ் ஓயாமல் அதில் எழுதிக்கொண்டே இருக்கும். கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டுங்கள். பூட் ஆகும்போது செக் டிஸ்க் தானாகக் கிளம்பினால் ஏதேனும் ஒரு கீயை அழுத்தித் தவிருங்கள். டாகுமென்ட், போட்டோ முதலில், சினிமா கடைசியில். கட் செய்யக் கூடாது, காப்பி மட்டும். அதுவும் ஹேங் ஆனால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ மென்பொருளை ஓட்டலாம். எளிதில் வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டுச் சிக்கலான இடங்களைக் கடைசிக்கு விடும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்திருந்தால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது பழைய டிஸ்க், எது புதிய டிஸ்க் என்று சீரியல் எண்ணை ஒப்பிட்ட பிறகே என்டர் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் மிச்சமிருந்ததும் போச்சு. 'டக், டக்' என்று சத்தம் வரும் டிஸ்க்கில் இந்த எதையும் முயலாமல் உடனே பவரை எடுத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுப்பதே சரி.

எஸ்எஸ்டி சத்தமும் போடாது, பல நேரம் முன்னறிவிப்பும் தராது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 98 சதவீதம் என்று காட்டுவது எழுதித் தேய்ந்த கணக்கு மட்டுமே. அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போனால் மறுநாள் பயாஸிலேயே தெரியாமல் போகலாம். அழித்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் வேலை செய்வதால் அழித்த ஃபைலை ரெக்கவரி மென்பொருளால் மீட்பதும் அநேகமாக நடக்காது. ஆகவே எஸ்எஸ்டிக்கு மாறியவர்களுக்குத்தான் பேக்அப் கூடுதலாக வேண்டும். வேகம் கூடும் என்று யூடியூபில் சொல்வதைக் கேட்டு, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பாலிசீஸ் பக்கத்தில் 'ரைட் கேஷ் பஃபர் ஃபிளஷிங்'கை (தற்காலிக நினைவில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கிவிடுவது) நிறுத்தும் டிக்கைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். யூபிஎஸ் இல்லாத வீட்டில், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் சிதைய அது ஒன்றே போதும்.

தங்கள் குறிப்பில் செக் டிஸ்க்குக்கு முன்பாக ஸ்மார்ட் கணக்கைப் பார்ப்பதையும் நகல் எடுப்பதையும் சேர்த்து மறுபடி வெளியிட வேண்டுகிறோம். வாசகர்களும் கம்ப்யூட்டரைக் கடையில் விடும்போது டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் 05, சி5 வரிகளின் எண்களையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்; திரும்ப வாங்கும்போது அதே வரிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான், மறுக்கக் காரணமில்லை.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
திருச்சி