குஞ்சப்பனை ஏற்றத்தில் கொதித்த வண்டி

கோத்தகிரி
20.1.1980

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் சுகமும் மதினி, பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். பொங்கலுக்கு முந்தின நாள் உங்கள் கடிதம் கிடைத்தது. உறை கிழிந்து, தபால்காரர் நூல் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒன்றும் குறையவில்லை.

"அங்கே என்னதான் செய்கிறாய், ஒழுங்காக எழுது" என்று கேட்டிருந்தீர்கள். போன கடிதத்தில் சிலோனிலிருந்து வந்த கப்பல், இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாம், ரயில் என்று எழுதியே தாள் முடிந்துவிட்டது. இந்தத் தடவை வேலையைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த விஷயம்தான், வண்டி.

இங்கே வந்த நம் ஆட்களில் பாதிப்பேருக்கு டான்டீ என்கிற சர்க்கார் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. சின்னவன் அம்மாவும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். கொழுந்து ஒன்றுதான், கூடையும் ஒன்றுதான். பேச்சுதான் இடிக்கிறது. ரொட்டி வாங்கக் கடையில் போய் நம் வழக்கப்படி பாண் கேட்டேன், கடைக்காரர் பாட்டுப் புத்தகம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மெக்கானிக்கை "பாஸ்" என்று கூப்பிட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அங்கே இருந்தவரை நாம் இந்தியாக்காரர்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர்கள். சரி, அது கிடக்கட்டும்.

எனக்குத் தோட்டத்தில் பேர் பதியவில்லை. ஒரு கவுடரிடம் வேனில் கிளீனராக இருக்கிறேன். கவுடர் என்றால் இங்கே நீலகிரிக்காரர்களான படகர் வீட்டுப் பெரியவர். கேரட், உருளைக்கிழங்கு, கோஸ் எல்லாம் விளைகிற நிலம் வைத்திருக்கிறார். விடியற்காலையில் காய் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவோம். மத்தியானம் உரமூட்டை, மளிகை ஏற்றிக்கொண்டு மேலே வருவோம். லைசென்ஸ் எனக்கு இன்னும் இல்லாததால் அவரே ஓட்டுவார். பழைய வேன். இஞ்சின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்குள் இருக்கிறது. குளிருக்கு அது நல்ல அடுப்பு.

மேட்டுப்பாளையம் ஆயிரம் அடி உயரம் என்றால் கோத்தகிரி ஆறாயிரம் அடி. இருபது மைலில் ஐயாயிரம் அடி ஏற வேண்டும். நீங்கள் அங்கே இறம்பொடை மலைச்சாலையில் ஏறுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், அருவி மட்டும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வழியில் குஞ்சப்பனை என்கிற ஊர் தாண்டியதும் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. இஞ்சின் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டரின் மூடியிலிருந்து ஆவி. கவுடர் வண்டியை ஓரம் கட்டி, கல் வைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அரை மணி நேரம் ஆகும், நீயும் உட்கார்" என்றார். தினமும் இப்படித்தானாம். எனக்கு முன்னால் இருந்த பையன் பொறுக்காமல் மூடியைத் திறந்து முழங்கை வரை வெந்துபோய் வேலையை விட்டுவிட்டான்.

கீழே இரண்டு பட்டறைகளில் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் வாட்டர் பம்பை மாற்றினார். இன்னொருவர், இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிவைக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு "இனிமேல் சூடாகாது" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். ஆனால் இங்கே மார்கழி தையில் விடிகாலையில் புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் பனி கிடக்கும். வால்வு இல்லாத இஞ்சின் சூடேறவே மேட்டுப்பாளையம் பாதி வழி வந்துவிடும். அதுவரை சோக்கை இழுத்துக்கொண்டு, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு வரும். சாயங்காலம் ஏறும்போது வழக்கம்போலக் கொதிக்கும். காலையில் குளிர், மாலையில் காய்ச்சல்.

நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எங்கே கொதிக்கிறது என்று பார்க்காதே, எப்போது கொதிக்கிறது என்று கேள். ஒரு வாரம் நான் எதையும் தொடவில்லை. முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டியில் இஞ்சினை நிறுத்தாமல் அரை மணி நேரம் நின்றாலும் முள் அசையவில்லை. நின்ற இடத்தில் சூடாகவில்லை என்றால் விசிறியில் குறை இருக்காது. இறக்கத்தில் சூடே இல்லை. பாரம் ஏற்றி இரண்டாவது கியரில் ஏறும்போது மட்டும், ஆறேழு மைல் கழிந்து, மெல்ல மெல்ல ஏறுகிறது. ஓரம் கட்டி இஞ்சினை ஓடவிட்டால் தானாக இறங்குகிறது. அப்படியென்றால் தண்ணீர் சுற்றுகிறது, ஆனால் போதவில்லை. இஞ்சின் கொடுக்கிற சூட்டை ரேடியேட்டர் வெளியே தள்ள முடியவில்லை.

இருந்தாலும் மற்றதையும் பார்க்காமல் விட மனசு வரவில்லை. விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அரை அங்குலம் இறங்கியது, சரி. காலையில் ஆறிப்போன இஞ்சினில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். குமிழ் வரவில்லை. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் பால் கலந்த மாதிரி வெளுப்பும் இல்லை. இஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட், தப்பித்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம், ஏனென்றால் அதற்குக் கவுடரிடம் பணம் இல்லை. ரேடியேட்டரின் கீழ் ஹோஸை, உங்களுக்கு நினைவிருக்குமே, நம் தோட்டத்து லாரியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மாட்டின் தொண்டை மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும், அதையும் பார்த்தேன். இதில் உள்ளே சுருள் கம்பி இருக்கிறது, ஒட்டவில்லை. சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடவும் இல்லை.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. அதன் ரப்பர் வாஷர் உளுத்த அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. இந்த மலையில் அது சின்ன விஷயம் இல்லை அண்ணே. தேயிலை ஃபாக்டரியில் இருக்கும் நம் ஆள் ஒருவரிடம் தெர்மாமீட்டர் இரவல் வாங்கி வந்து அடுப்பில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். 94 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிட்டது. கீழே மேட்டுப்பாளையத்தில் அது 99க்குப் பக்கம் வரும். இங்கே பருப்பு வேகவில்லை என்று சின்னவன் அம்மா புலம்புவதற்கும் இதுதான் காரணம். மூடியில் 7 பவுண்ட் என்று அச்சு இருக்கிறது. அந்த அழுத்தம் உள்ளே நின்றால் தண்ணீர் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி தாங்கும். ரப்பர் போனால் அவ்வளவும் போச்சு. மேலே ஏற ஏற இஞ்சினுக்குச் சூடு கூடும், தண்ணீருக்கோ பொறுமை குறையும்.

புது மூடி வாங்கிப் போட்டோம். குஞ்சப்பனை தாண்டி மூன்று வளைவு கூடுதலாக ஏறியது. கவுடருக்கு ஒரே சந்தோஷம், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நானும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நாலாவது வளைவில் மறுபடி சிவப்பு. டீ குடித்த வாயால் எதுவும் பேசவில்லை நான்.

அன்று ஓரம் கட்டியதும் இஞ்சினை அணைத்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல். மேலே சுடுகிறது, நடுவில் சுடுகிறது, இடது பக்கம் கீழே ஒரு முறம் அகலத்துக்கு வெறும் வெதுவெதுப்பு. அந்தப் பக்கத்துக் குழாய்களில் தண்ணீரே இறங்கவில்லை. விஷயம் பிடிபட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டரைக் கழற்றினோம். கீழ்வாயைத் துணியால் அடைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்பி, துணியை இழுத்தேன். குபீரென்று கொட்ட வேண்டிய தண்ணீர் கன்றுக்குட்டி மூத்திரம் மாதிரி வந்தது. கவுடர் அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னை "தம்பி" என்றார். அதுவரை "டேய் சிலோன்" தான்.

திங்கட்கிழமை மேட்டுப்பாளையத்தில் ரேடியேட்டர் பத்தவைக்கிறவரிடம் கொண்டுபோனோம். மேல்தொட்டியை உருக்கிப் பிரித்துக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன, வெந்நீர் வைக்கிற பழைய கேத்தலின் அடியில் படிந்திருக்குமே, அதே காரை. கவுடருக்கு முன்னால் இந்த வண்டியைச் சமவெளியில் ஓட்டியவர்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். அது உப்புத் தண்ணீர். கொதித்துக் கொதித்து உப்பு குழாயில் தங்கிவிட்டது. அவர் தட்டையான மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்திச் சுத்தம் செய்தார். கை வேகமான மனிதர். ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தடவை இருமுவார், எனக்குத்தான் பாவமாக இருந்தது.

அதோடு விட்டிருந்தால் பாதி வேலைதான். இஞ்சின் பிளாக்கில் தண்ணீர் வடிக்கிற சின்னக் குழாய் இருக்கிறது. அதைத் திறந்தேன், ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே தண்ணீர் நிறைய இருக்கிறது, வெளியே வரவில்லை! கம்பியை விட்டுக் குடைந்ததும் செங்கல் கரைத்த மாதிரி துருச் சேறு என் சட்டையெல்லாம் அடித்தது. சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டு, பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். சாயங்காலம் வரை ஆயிற்று.

கடைசியாகப் புது வால்வு ஒன்று வாங்கினேன். மாட்டுவதற்கு முன்னால் வீட்டில் சட்டித் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். 82 டிகிரியில் மெல்ல வாயைத் திறந்தது. சின்னவன் கைதட்டினான். அவன் அம்மா மட்டும் அது சோறாக்குகிற சட்டி என்று ஏசினாள்.

புதன்கிழமை முழுப் பாரத்தோடு ஏறினோம். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. குஞ்சப்பனை போனது. அந்த நாலாவது வளைவு போனது. கவுடர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இஞ்சின் மூடிமேலேயே வைத்திருந்தார், கியர் மாற்றும்போது மட்டும் எடுப்பார். அரவேணு வந்ததும் நிறுத்தி இறங்கினார். பீடிக்குத்தான் என்று நினைத்தேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "லைசென்ஸுக்கு எழுதிப் போடு, செலவு என்னுடையது" என்றார்.

அதனால் அண்ணே, உங்களிடமிருந்து ஒன்று வேண்டும். தோட்டத்துத் துரையிடம் நான் எத்தனை வருஷம் லாரியில் இருந்தேன் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்ப முடியுமா? இங்கே அது செல்லுமோ செல்லாதோ, கையில் இருந்தால் நல்லது. கிளாக்கரய்யாவிடம் சொன்னால் தட்டச்சு செய்து கொடுப்பார்.

1964ல் இந்தியா, சிலோன் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து நம் ஆட்களில் இவ்வளவு லட்சம் பேர் அங்கே, இவ்வளவு லட்சம் பேர் இங்கே என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா என்னை ஒரு ஃபாரத்திலும் உங்களை ஒரு ஃபாரத்திலும் போட்டார். அது சரியா தப்பா என்று நான் இப்போது யோசிப்பதில்லை. ராத்திரியில் இலங்கை வானொலி இங்கேயும் தெளிவாகக் கேட்கிறது. எட்டு மணிக்கு நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி ரயிலைப் பார்த்தேன். நீராவி இஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. கல்லாறிலிருந்து நடுவில் பல் வைத்த தண்டவாளமாம். வழியில் நின்று நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஏறுமாம். அது வெட்கமில்லாமல் ஊருக்கு முன்னால் குடிக்கிறது, நம் வேன் மட்டும் கவுடருக்குத் தெரியாமல் தாகமாக இருந்திருக்கிறது. நீங்கள் பார்த்தால் அங்கேயே அரை நாள் நின்றுவிடுவீர்கள்.

மதினியின் முதுகுவலி எப்படி இருக்கிறது? மூத்தவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதீர்கள். தோட்டத்து லாரியின் அந்தக் கீழ் ஹோஸை மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே ஒரு சுருள் கம்பியாவது விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி

பி.கு.: தெர்மாமீட்டரை இன்னும் ஃபாக்டரிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. சின்னவன் தினமும் குளிக்கிற வெந்நீரை அதில் அளந்துவிட்டுத்தான் தலையில் ஊற்றச் சம்மதிக்கிறான்.