மூக்கை யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பில் வந்த ஆஸ்துமா கட்டுரையைப் படித்தேன். இன்ஹேலர், புகைமூட்டம், சிகரெட் எல்லாம் இருந்தன. மூக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல்தான் என் பேரன் விஷயத்தில் மூன்று வருடம் வீணாய்ப் போனது.

நான்கு வயதிலிருந்தே அவனுக்கு விடிந்தால் தும்மல். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, நுனிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு கோடே விழுந்துவிட்டது. "ரெஸ்டுங்தானே, வளர வளரப் போய்விடும்" என்றார்கள் பக்கத்து வீட்டில். தீராத தும்மல், மூக்கடைப்புக்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் நம்பினேன். பிறகு இரவு இருமல், நெஞ்சில் விசில் சத்தம். மூக்குக்கு ஒரு கிளினிக்கில் சிரப், இழுப்புக்கு இன்னொன்றில், அப்போதைக்கு மூச்சை எளிதாக்கும் நீல இன்ஹேலர். இங்கே என்ன கொடுத்தார்கள் என்று அங்கே கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இழுக்கும்போதெல்லாம் புகைமூட்டத்தைத் திட்டினோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50க்குக் கீழே, அதாவது காற்று நன்றாக இருந்த நாட்களிலும் இழுத்ததே, அதை யோசிக்கவில்லை.

கடைசியில் ஒரு ரிங்கிட் கட்டிப் பார்த்த அரசாங்கக் கிளினிக்கில் ஒரு சின்ன வயது டாக்டர்தான் கேட்டார்: "ஆன்ட்டி, இவன் வாயைத் திறந்துகொண்டா தூங்குகிறான்?"

ஆமாம் என்றேன். மூக்கு காற்றை வடிகட்டி, ஈரமாக்கி, இதமாக்கி உள்ளே அனுப்புகிறது. அது அடைத்தால் ஏர்கோன் அறையின் வறண்ட காற்று தூசியோடு வாய்வழியே நேராக நெஞ்சுக்குப் போகிறது என்றார். அதைவிட முக்கியமாக, மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. ஒரே ஒவ்வாமை இரண்டு முனையிலும் வீக்கம் உண்டாக்கும். ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு ஒவ்வாமையும் இருக்கிறதாம். உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து, மூக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் சேர்த்துப் பார்க்கும் 'ஆரியா' (ARIA) நிபுணர் குழு 2001இலேயே, ஒன்று இருந்தால் மற்றதையும் பாருங்கள் என்று எழுதிவிட்டது. செந்தூலில் எங்கள் பிளாட்டுக்கு அது வந்துசேர இத்தனை காலம்!

எங்கள் வீட்டுக் குற்றவாளி, என் அம்மா காலத்து இலவம்பஞ்சுத் தலையணை. நம்மூர் ஈரப்பதத்தில் தூசி உண்ணிகளுக்கு அது அரண்மனை. மனமில்லாமல்தான் எறிந்தேன். இப்போது வாரம் ஒருமுறை உறையும் விரிப்பும் 60 டிகிரி சுடுநீரில் துவைக்கப்படுகின்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் நின்றது, சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

தினமும் போட ஒரு தடுப்பு இன்ஹேலரும் மூக்கு ஸ்பிரேயும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்றதும் மருமகள் பயந்தாள். மூக்கிலேயே வேலை செய்யும் சிறிய அளவு என்று விளக்கிய பிறகுதான் சம்மதித்தாள். நான்கே நாளில், "மருந்துக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்று நிறுத்தவும் பார்த்தாள். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். போடும் விதமும் தப்பாக இருந்தது: மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்து, உறிஞ்சி, தொண்டையில் கசப்பு. மருந்தகத்தில் இருந்த பெண் காட்டிக் கொடுத்தார்: தலையைச் சற்றுக் குனிந்து, வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை, முனை காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், பலமாக உறிஞ்சக் கூடாது. இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். நீல இன்ஹேலர் பள்ளிப் பையில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தேடும் இரவுகள் குறைந்துவிட்டன.

ஸ்பிரே பெட்டிக்குள் வரும் தாளில் மலாயும் ஆங்கிலமும்தான், அதுவும் எறும்பு எழுத்தில். என் வயதுப் பாட்டிகள்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிறோம். அந்தக் கை பிடிக்கும் முறையைப் படம் போட்டு, பெரிய எழுத்தில், ஒரு கால் பக்கம் ஒதுக்கி வெளியிடுவீர்களா? வெட்டி எடுத்துக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்