ப்ளவுஸைத் தாண்டியும் ஊசி போகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்ப்ராய்டரியான ஆரி வேலையைக் கற்று வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்களைப் பற்றி உங்கள் இதழில் படித்தேன். நல்ல கட்டுரை. கல்யாண ப்ளவுஸ் ஆர்டரால் எங்கள் காரைக்குடிப் பக்கமும் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் எம்ப்ராய்டரி என்றாலே கழுத்து, கை, ரேட் என்று முடித்துவிடுகிறீர்களே, அதுதான் உறுத்தியது.

என் நாத்தனார் மகள், மழை பெய்யும் வளவு (எங்கள் செட்டிநாட்டு வீட்டின் தூண் சூழ்ந்த உள்முற்றம்) ஒன்றைத் துணியில் தைத்திருக்கிறாள். நாட்டு ஓடுகளுக்கு வரிசை வரிசையாகச் சங்கிலித் தையல். தேக்குத் தூணுக்குக் காம்புத் தையல். அது முறுக்கிக்கொண்டு ஏறுவதால் மரத்தின் ரேகை தானாக வந்துவிடுகிறது. சுவரைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய நம் சுவரின் பளபளப்பைப் பெயின்டில் கொண்டுவருவது கஷ்டம். இவள் ஒரே வெள்ளை நூலில், இழைகளை நெருக்கி அடுக்கும் சாட்டின் தையல் போட்டு, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் நிரப்பியிருக்கிறாள். ஜன்னல் பக்கம் திருப்பினால் ஒரு பாதி மின்னுகிறது, மறுபாதி நிழலாகிறது. மழைக்கு ஆறு இழை நூலிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து, சாய்வாக, விட்டுவிட்டுப் போகும் வெறும் ஓட்டத் தையல். அவ்வளவுதான், மழை வந்துவிட்டது!

இதை ஓர் ஓவியப் போட்டிக்குக் கொண்டுபோனால், "இது கைவேலைங்க" என்று காகிதப் பூக்களுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். (காகிதப் பூவும் மட்டமில்லை, அது வேறு வழக்கு.) சிலி நாட்டில் 1973-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளைத் தைத்தே நடந்ததை உலகத்துக்குச் சொன்னார்கள். அதை அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். இங்கே கொட்டான் என்னும் ஓலைக் கூடைக்கே குரோஷா பின்னி, மணி கோத்து அழகு பார்த்தவர்கள் எங்கள் ஆச்சிமார்; அதெல்லாம் பொழுதுபோக்குக் கணக்கில் போய்விட்டது.

அடுத்த முறை எம்ப்ராய்டரி பற்றி எழுதினால், என்ன தையல், அந்த இடத்துக்கு ஏன் அதை எடுத்தார் என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். படம் எடுப்பவரிடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நேரே ஃப்ளாஷ் அடித்தால் சாட்டின் தையல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வேண்டுமானால் இந்த வளவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்