நியூ ஆர்லியன்ஸ் பயணம்: புதன்கிழமைக்குள் பதில் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்புகிறோம், அதனால் ஊர் முழுக்கப் பார்க்கும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரை ஒட்டி அறை எடுத்தால் கார் வேண்டாம், பார்க்கிங்குக்குக் கொடுத்து மாளாது.

முக்கியமானது பிரிசர்வேஷன் ஹால். 1961 முதல் ஜாஸ் நடக்கும் சின்னக் கூடம், சாப்பாடு, குடி எதுவும் கிடையாது, ஒரு காட்சி முக்கால் மணி நேரம்தான், ஆனால் முன்னால் இடம் கிடைத்தால் டிரம்பெட்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். டிக்கெட் முன்கூட்டியே எடுக்க வேண்டும். போர்பன் தெருவில் ஒரு நடை போதும், என்னைக் கேட்டால் பாட்டுக்கு ஃபிரெஞ்ச்மென் தெருதான்.

ஞாயிறு காலை காங்கோ சதுக்கம். அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிறுதோறும் கூடி மேளம் கொட்டி ஆடிய இடம், அவசரப்படாமல் பார்ப்போம். அப்புறம் செயின்ட் சார்ல்ஸ் டிராம்.

கஃபே டு மாண்டில் சிக்கரி காபி, நம் ஃபில்டர் காபி ஆட்களுக்குப் பழகின வாசம்தான். பெனியே என்ற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரத்தின் மேல் சர்க்கரைப்பொடி மலையாகக் கொட்டுவார்கள், கறுப்புச் சட்டை வேண்டாம். சைவக்காரர்கள் ரெட் பீன்ஸ் என்றதும் ஆர்டர் பண்ணிவிடாதீர்கள், பெரும்பாலும் சாசேஜ் கிடக்கும், கேட்டு வாங்குங்கள்.

சரி, யார் யார் வருகிறீர்கள், ஹாலுக்கு எத்தனை டிக்கெட் என்று இங்கேயே போடுங்கள், தனியாக அனுப்ப வேண்டாம்.